நாற்பத்தொன்றாம் கொக்கி

பெரியவள் வீட்டுச் சுவரில் எந்தக் கொக்கியும் சும்மா இருக்காது. சாவிப் பலகையில் ஆறு கொக்கிகள், வீட்டில் இருப்பதோ மூன்று சாவிகள். மற்ற மூன்றில் எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு துருப்பிடித்த சாவி, ஒரு ரப்பர் வளையம், வார் அறுந்த கைக்கடிகாரம். குளியலறைக் கதவின் பின்னால் இருந்து ஒரு துண்டை எடுத்தால் அடுத்த துண்டு கையோடு அங்கே ஏறிவிட வேண்டும். "ஏன் பெரியம்மா, ஆணிக்குக் குளிருதா? எப்பவும் ஏதாவது போத்தி விட்டுக்கிட்டே இருக்கீங்க" என்று சின்னவளின் மகள் கேலி செய்வாள். பெரியவளும் கூடச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பாவம் அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்.

பெரியவள், சின்னவள் என்பவை மாமியார் வைத்துவிட்டுப் போன பெயர்கள். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள், அவ்வளவுதான். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர்கள் நின்றுவிட்டன. ஒரே வீடு. மாடியில் பெரியவள் தனியாக, கீழே சின்னவளும் மகளும். ஓரகத்திகள் என்றாலே ஒருத்தி கண்ணை ஒருத்தி தோண்டுவார்கள் என்று நினைப்பவர்கள் இந்த வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். சின்னவள் தும்மினால் பெரியவள் மாத்திரையோடு இறங்கி வருவாள். அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் தேடியது, கண்ணாடி மாற்றியது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது எல்லாம் பெரியவள். சின்னவள் கொடுத்து வைத்தவள் என்று தெருவே சொல்லும். அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியவளுக்கு நின்ற இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருக்கும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இதை ஒளித்து வைத்து உங்களை இழுத்தடிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் ஒரு காட்டுயிர்ச் சரணாலயத்தின் வாயிலில் வேலை பார்த்தாள். ஊருக்கு வெளியே ஒன்றரை மணி நேரப் பயணம். கோடையில் உப்புசமும் பனிக்காலத்தில் மூடுபனியுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுப்பு. கோரைப்புல், காலைப் பரப்பி நிற்கும் அலையாத்தி மரங்கள், மரக்கட்டைபோல் கிடக்கும் முதலைகள், ஆயிரக்கணக்கில் பறவைகள். நடுவே ஒரு பலகைப் பாதை. அது கிளை கிளையாகப் பிரிந்து போகும். உள்ளே எந்தக் கைபேசியும் எடுக்காது, அன்றும் சரி, இன்றும் சரி. அதனால் வாயிலில் ஒரு மரப்பலகை, அதில் அறுபது கொக்கிகள், ஒவ்வொன்றிலும் எண் அடித்த ஒரு பித்தளை வில்லை. உள்ளே போகிறவர் ஒன்றை எடுத்துப் போக வேண்டும், திரும்பும்போது அதே கொக்கியில் மாட்ட வேண்டும். மாலை ஐந்தரைக்கு வாயிலை மூடும்போது ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் மணியை அடிக்க வேண்டும். அடித்தால் காவலர்கள் விளக்கோடு உள்ளே இறங்குவார்கள். சட்டம் அவ்வளவுதான், ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஆனால் சட்டம் ஒன்று, நடப்பு ஒன்று. பாதிப் பேர் வில்லையைச் சட்டைப்பையில் போட்டபடி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் மணியடித்து, காவலர்கள் இடுப்பளவு சேற்றில் அலைந்து, கடைசியில் ஆசாமி வீட்டில் காலாட்டிக்கொண்டு தேநீர் குடிக்கிறார் என்று தெரிந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆகவே வாயில்காரர்களுக்குள் ஒரு வழக்கம். மேசை அறையில் இரண்டாம் செட் வில்லைகள் இருக்கும், எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி குத்தியவை. கொக்கி காலியாக இருந்தால் வண்டி நிறுத்துமிடத்தை எட்டிப் பார்ப்பார்கள். வண்டி எதுவும் இல்லையென்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். புள்ளி வில்லையை மாட்டி, பதிவேட்டில் 'எல்லாம் திரும்பின' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பெரியவளுக்கு முன்னால் இருந்தவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதுதான்.

அன்று நாற்பத்தொன்று காலியாக இருந்தது. நாற்பத்தொன்றை எடுத்துப் போனவன் அவளுடைய கொழுந்தன், சின்னவளின் புருஷன்.

அவன் பெயின்டர், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். கை பொன்னான கை, மண்டைதான் ஓட்டை. அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வருவான், குடையை எங்காவது வைத்துவிட்டு நனைந்து வருவான். போன மாதம்கூடப் பதினேழாம் வில்லையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரவுச் சாப்பாட்டின்போது, "அண்ணி, இது உங்க சொத்துதானே" என்று தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். வீடே சிரித்தது. இந்தத் தடவை ஏதோ ஐஸ் கம்பெனிப் பலகைக்கு ஒற்றைக் காலில் நிற்கும் நாரை வேண்டுமாம், பார்த்து வரைய வந்திருந்தான். பஸ்ஸில் வந்தவன், ஆகவே வண்டி நிறுத்துமிடம் காலியாகத்தான் இருக்கும். பெரியவளுக்கு அது தெரியும். தெரிந்தும், பதினேழை நினைத்துக்கொண்டு, 'மறுபடியும் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான் பாரு, வீட்டுக்குப் போய்க் காதைத் திருகறேன்' என்று சொல்லிக்கொண்டாள். அவள் செருப்பு வார் அன்று மதியம் அறுந்திருந்தது. ஊக்குக் குத்தி இழுத்துக்கொண்டு நடந்தாள். ஐந்து நாற்பதுக்கு வேலையாட்கள் வேன். அதை விட்டால் பஸ் நிறுத்தத்துக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். புள்ளி வில்லையை எடுத்து நாற்பத்தொன்றில் மாட்டினாள், கையெழுத்துப் போட்டாள், வேன் ஏறினாள்.

ஒரு செருப்பு வார். அவ்வளவுதான் காரணம். அவள் எத்தனையோ முறை வேறு பெரிய காரணம் ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்துவிட்டாள், இல்லை.

வீட்டில் அவன் இல்லை. அவசர வேலை என்றால் பட்டறையிலேயே தங்குகிறவன் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. மறுநாள் மதியம்தான் பட்டறையிலும் இல்லை என்று தெரிந்தது. போலீஸ் வந்து பலகையைப் பார்த்தது, பதிவேட்டைப் பார்த்தது. அறுபதும் திரும்பியிருந்தன. ஆக, ஆள் வெளியே வந்திருக்கிறார். பிறகு சதுப்பில் எதற்குத் தேட வேண்டும்? பஸ் நிலையத்தில் தேடினார்கள், ரயில் நிலையத்தில் தேடினார்கள். அந்த முதல் மணி நேரத்தில் பெரியவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. வேலை போய்விடுமே, புருஷன் என்ன சொல்வார், ஒருவேளை அவன் நிஜமாகவே பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால்... இப்படி ஒரு மணி நேரம் போனது. அடுத்த மணி நேரத்தில் சொல்வது முதல் மணி நேரத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் நாட்கள் ஆகிவிட்டன. நாட்கள் ஆன பிறகு வருடங்கள் ஆவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஊர் சும்மா இருக்குமா? ரயிலில் பார்த்தேன் என்றான் ஒருவன். கூட ஒரு பெண் இருந்தாள் என்றான் இன்னொருவன். கட்டியவளை ஐந்து மாத வயிற்றோடு விட்டுவிட்டு ஓடியவன் என்று அவன் பெயர் நின்றுவிட்டது. பெரியவளின் புருஷன் தம்பியை மன்னிக்கவே இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, "அவன் எப்பவாவது வந்து நின்னா வாசல் ஏத்தாதே" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அப்போதும் பெரியவள் சொல்லவில்லை. போர்வையைச் சரி செய்தாள்.

சின்னவளுக்கு இன்னொன்றும் உண்டு. அன்று காலை ஏதோ அற்பச் சண்டை. கிளம்புகிறவனைப் பார்த்து, "போங்க, வரவே வராதீங்க" என்றிருக்கிறாள். எந்த வீட்டில் சொல்லாத வார்த்தை அது? பதினாலு மாதக் கல்யாணம், மசக்கைச் சிடுசிடுப்பு. ஆனால் அவன் வரவே இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் அந்த ஒரு வார்த்தையை மென்று கொண்டிருக்கிறாள், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பெரியவள் இரண்டே மாதத்தில் வேலையை விட்டாள். ஊருக்குள் ஒரு சலவைக் கடையில் சேர்ந்தாள். துணிகளுக்கு எண் சீட்டுக் குத்தி, வரிசையாக மாட்டி, உரியவரிடம் எண்ணிக் கொடுப்பது வேலை. அவள் சேர்ந்த நாள் முதல் ஒரு கைக்குட்டை காணாமல் போனதில்லை. முதலாளி அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம், நாற்பதுக்கு அடுத்து ஏன் இந்தம்மா நாற்பத்திரண்டு குத்துகிறாள் என்று. கேட்டதற்கு, "எனக்கு ராசியில்லாத நம்பர்ங்க" என்றாள். வேலை ஒழுங்காக நடக்கிறதா, விடு என்று விட்டுவிட்டார்.

ஆனால் ஐந்தரை மணி அவளை விடவில்லை. தினமும் அந்த நேரத்துக்குச் சேற்று வாசம் வரும். கடையில் சோப்பும் நீராவியுமாக இருக்கும்போது சேறு எங்கிருந்து வரும்? வரும். அப்புறம் அவன் வருவான். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம், முழங்கால் வரை நனைந்து, கையில் வில்லையை நீட்டிக்கொண்டு நிற்பான். கோபமெல்லாம் இல்லை. அதுதான் தாங்க முடியாதது. மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு, "அண்ணி, இந்தாங்க, மறக்காம கொண்டாந்துட்டேன். ஆனா கொக்கி காலியா இல்லியே, எங்க மாட்டறது?" என்பான். அவள் குனிந்து சட்டைக் காலரில் ஊசியைக் குத்திக்கொண்டே இருப்பாள். ஐந்து நாற்பதுக்குப் போய்விடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னவளின் மகள் ஒரு மாலை படியேறி வந்து, "பெரியம்மா, சரணாலயத்துக்குப் போறோம். மூணு பேரும்" என்றாள்.

அந்தப் பெண் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். யாருக்கு எப்போது நேரம் என்று குறித்துக் கொடுக்கிற வேலை, அதனால் எதையும் திட்டம் போட்டுச் செய்வதில் கெட்டிக்காரி. அடுத்த மாதம் வேறு ஊரில் புது வேலைக்குப் போகிறாள். போவதற்குள் அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று சின்னவள் சொன்னாளாம். இதுவரை மூன்று முறை இந்தப் பேச்சு எழுந்து மூன்று முறையும் பெரியவள் சாமர்த்தியமாகக் கவிழ்த்திருக்கிறாள். ஒரு முறை வெள்ளம் என்றாள், ஒரு முறை பாதை பழுது என்றாள், ஒரு முறை தன் முழங்காலைக் காட்டினாள். இந்தத் தடவையும் ஆரம்பித்தாள். கொசு பிடுங்கும் என்றாள். பறவையே இருக்காது, இது காலமில்லை என்றாள்.

"பொய் சொல்லாதீங்க பெரியம்மா. மழை விட்டு ரெண்டு மாசம் கழிச்சு, தண்ணி வடிஞ்சு மீனெல்லாம் குட்டையில ஒதுங்கும், அப்பதான் பறவை கூடும்னு சின்ன வயசுல நீங்கதானே சொன்னீங்க. இப்ப அதே மாசம்" என்று அவள் விரலை மடக்கிக் காட்டினாள். போன் பண்ணி மூன்று பேருக்கும் பதிந்தாகிவிட்டது, இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை. பெரியவளிடம் மிச்சம் இருந்தது முழங்கால் ஒன்றுதான். அதற்கும் அந்தப் பெண் ஒரு கைத்தடி வாங்கி வைத்திருந்தாள்.

மறுநாள் மாலை கீழ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திட்டம் போட உட்கார்ந்தார்கள். மகள் தாளில் எழுதிக்கொண்டே போனாள். வெள்ளைத் துணி கூடாது, பறவை மிரளும், மங்கலான நிறம்தான். முழுக்கை. தொப்பி, தண்ணீர், டாக்டரிடம் கடன் கேட்ட பைனாகுலர். பெரியவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வாயில் பக்கத்துக் கழிப்பறையைத் தவிர வேறு கிடையாது என்றாள், இடப்பக்கக் கிளைப் பாதையில் பலகை வழுக்கும் என்றாள். தன் குரலைத் தானே கேட்டு ஆச்சரியப்பட்டாள். ஒரு வழிகாட்டியைப்போல் நிதானமாக இருந்தது.

"இன்னும் அந்த டோக்கன் பலகை இருக்காம் பெரியம்மா. ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போகணுமாம், திரும்பி வந்து மாட்டலைன்னா மணியடிச்சுத் தேடுவாங்களாம்" என்றாள் மகள்.

சின்னவள் அதுவரை மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தலை நிமிர்ந்தாள்.

"அதைத்தான் நான் பார்க்கணும். பறவையும் வேணாம், முதலையும் வேணாம். அந்தக் கொக்கியைப் பார்க்கணும்" என்றாள். பிறகு, மகள் பக்கம் திரும்பாமல், பெரியவளைப் பார்த்தே சொன்னாள். "எல்லாத்தையும் மறக்கிற மனுஷன்க்கா அவரு. கல்யாணத்தன்னிக்கே மோதிரத்தை மறந்துட்டு வந்தவரு. அன்னிக்கு மட்டும் டோக்கனை மறக்காம, அதே கொக்கியில மாட்டிட்டுப் போயிருக்காரு. அப்படின்னா என்ன அர்த்தம்? தன்னை யாரும் தேடக் கூடாதுன்னு யோசிச்சு, திட்டம் போட்டுத்தான் போயிருக்காரு. எத்தனையோ நாள் மனசைத் தேத்திக்கப் பார்த்தேன். அந்த டோக்கன் குறுக்க வந்து நிக்குது."

பெரியவள் எழுந்தாள். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை. சாவிப் பலகைக்கு முன்னால் நின்று, துருப்பிடித்த சாவியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அவனைச் சதுப்பில் விட்டது தன் கைதான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். அந்தப் பாவத்தோடு எப்படியோ குடித்தனம் நடத்தப் பழகியிருந்தாள். ஆனால் அவனை ஓடுகாலியாக்கியதும் அந்தப் புள்ளி வில்லைதான் என்று அன்றுதான் முழுசாக உறைத்தது. கீழே ஒருத்தி இருபத்திரண்டு வருடமாக அந்தப் பித்தளைத் துண்டைச் சாட்சியாக வைத்துக்கொண்டு புருஷனைக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறாள். பொய்ச் சாட்சி. அதை மாட்டியவள் மாடியில் இருந்துகொண்டு தும்மலுக்கு மாத்திரை கொடுக்கிறாள்.

மறுநாள் பிற்பகல் சலவைக் கடைக்குச் சின்னவளே வந்தாள். கையில் ஒரு காக்கிச் சட்டை. பெட்டியின் அடியில் கிடந்ததாம். மங்கலான நிறம்தானே வேண்டும், மகள் போட்டுக்கொள்ளட்டும், வெளுத்துக் கொடுங்கள் என்றாள். முன்கையில் பழைய நீலப் பெயின்ட் தெறிப்பு. அவனுடைய சட்டை. பெரியவள் இரண்டு கையாலும் வாங்கினாள். பழக்கதோஷம், சீட்டுப் பெட்டியை இழுத்தாள். முந்தின துணிக்கு நாற்பது குத்தியிருந்தாள். கை தானாக நாற்பத்திரண்டை எடுத்தது.

"ஏன்க்கா, நாப்பத்தொண்ணு இருக்கே, அதை விட்டுட்டீங்க?" என்றாள் சின்னவள். சும்மாதான் கேட்டாள்.

பெரியவளிடம் ராசியில்லாத நம்பர் என்ற பதில் தயாராக இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அது அவரோட நம்பர்" என்று வந்தது.

அப்புறம் எல்லாம் வந்தது. உள்ளே நீராவி இயந்திரம் சீறிக்கொண்டிருக்க, கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று, சட்டையைப் பிடித்தபடி, காலிக் கொக்கி, புள்ளி வில்லை, கையெழுத்து, வேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். செருப்பு வாரையும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. முதலாளி ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் உள்ளே போய்விட்டார்.

சின்னவள் அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஆனால் சின்னவளின் முகத்தில் மெதுவாக வேறு என்னவோ வந்தது. இருபது வயதுப் பெண்ணின் முகம்போல ஆனது.

"அப்ப அவரு என்னை விட்டுட்டுப் போகலையாக்கா?"

பெரியவள் இல்லை என்று தலையசைத்தாள். சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்குப் பதில் பெரியவள் எந்தச் சாபத்தையும் கையேந்தி வாங்கியிருப்பாள். ஒரு நொடிதான் அது. அப்புறம் மற்றது உறைத்தது, அவன் எங்கே இருந்தான், எவ்வளவு நேரம் இருந்திருப்பான், யாராவது வருவார்கள் என்று எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்பதெல்லாம். சின்னவள் சட்டையைப் பெரியவளின் கையிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.

நாலு நாள் கீழ் வீட்டிலிருந்து ஒரு சத்தம் மேலே வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால் சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். அதைவிடக் கொடுமை, அந்த நாலு நாளும் ஐந்தரைக்கு அவன் வரவில்லை. சேற்று வாசமும் இல்லை. ஜன்னல் கம்பி வெறும் கம்பியாக இருந்தது. அவனும் கைவிட்டுவிட்டான் என்று நினைத்து அப்போதுதான் பெரியவள் வாய்விட்டு அழுதாள்.

ஐந்தாம் நாள் மகள் மேலே வந்தாள். உட்காரவில்லை, கேலி செய்யவில்லை. வாசல்படியிலேயே நின்றாள்.

"அம்மா அழல பெரியம்மா. அப்பா போட்டோவை வெச்சுக்கிட்டு மன்னிப்பு கேட்டுட்டிருக்காங்க. நாலு நாளா. இத்தனை வருஷம் திட்டினதுக்கெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிச் சொல்லிக் கேக்கறாங்க" என்றாள். "எனக்கு உங்ககிட்ட என்ன பேசறதுன்னு தெரியல. சனிக்கிழமை போறோம். நீங்களும் வரணுமாம். அந்த நாப்பத்தொண்ணை நீங்களே உங்க கையால கழட்டணுமாம். அவ்வளவுதான் அம்மா சொன்னாங்க."

சனிக்கிழமை போனார்கள். பஸ்ஸில் மூன்று பேருக்கான இருக்கையில் நடுவில் மகள். அவள் அப்பாவின் சட்டையைப் போட்டிருந்தாள், வெளுக்காமலே. திட்டத்தில் எழுதியிருந்த எல்லாம் பையில் இருந்தன, தொப்பி, தண்ணீர், பைனாகுலர், கைத்தடி. எதையும் மறக்காத குடும்பம் ஆகிவிட்டது அது.

வாயில் அப்படியே இருந்தது. கவுன்டரில் ஒரு நடுவயதுப் பெண், தலையில் பச்சைத் தொப்பி. பலகைக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். நாற்பத்தொன்றில் வில்லை தொங்கியது, எண்ணுக்குக் கீழே புள்ளியோடு. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பத்திரமாகத் திரும்பியிருப்பார்களோ. மூன்று பேரும் வேறு மூன்று எண்களை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். பனி விலகி, வெயில் ஏறி, சாய்ந்தது. பறவைகள் இருந்தன, அந்த மாதத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தன. இடப்பக்கக் கிளைப் பாதையின் முடிவில், வேருக்கு நடுவே ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது. சின்னவள் அங்கே வெகுநேரம் நின்றாள். பைனாகுலரைக் கேட்கவில்லை. பலகைக்கு வெளியே, கறுத்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் பத்தடி தள்ளி, கைத்தடியை ஊன்றி நின்றாள். கிட்டப் போக அவளுக்கு உரிமையில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்து இருபத்தைந்துக்கு வாயிலுக்கு வந்து மூன்று வில்லைகளையும் மாட்டினார்கள். பச்சைத் தொப்பிக்காரி பலகையை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்து, பேனாவை எடுத்தாள்.

"கழட்டுங்க" என்றாள் சின்னவள். அந்த நாள் முழுவதிலும் அவள் பெரியவளிடம் பேசிய ஒரே வார்த்தை.

பெரியவள் கையை உயர்த்தி நாற்பத்தொன்றைக் கழற்றினாள். அதில் கனமே இல்லை. பச்சைத் தொப்பிக்காரி, அது உங்களுடையது இல்லையே, ஏன் எடுக்கிறீர்கள் என்று எழுந்து வந்தாள்.

"இது டூப்ளிகேட்மா. புள்ளி இருக்கு பாரு. ஒரிஜினல் இன்னும் வரல" என்றாள் பெரியவள். "எடுத்துட்டுப் போனவரும் வரல. உள்ளதான் இருக்காரு. நான்தான் இங்க உக்காந்திருந்தேன். நான்தான் மணியடிக்கல."

அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் இவளையும் காலிக் கொக்கியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் பார்வை அந்தக் காக்கிச் சட்டையின் மீதும், சின்னவள் முகத்தின் மீதும் போய் நின்றது. வாயில்காரிதானே அவளும். அவள் மேசை அறையிலும் புள்ளி வில்லைகள் இருக்கின்றனதானே. பேனாவைக் கீழே வைத்தாள். மணிக்கயிற்றை எடுத்துப் பெரியவளின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை. பெரியவள் இழுத்தாள். வயதான கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, மணி சதுப்பெங்கும் கேட்டது. தண்ணீரிலிருந்து பறவைகள் மொத்தமாக எழும்பின. கொட்டகையிலிருந்து இரண்டு காவலர்கள் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எத்தனை பேர் உள்ளே என்று ஓடிக்கொண்டே கேட்டார்கள்.

"ஒருத்தர்" என்றாள் பெரியவள், இழுப்பதை நிறுத்தாமல்.

சின்னவள் பலகைப் பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"வாங்க. இருட்டப் போகுது, வாங்க."